ஏழு மடையும் ஒரு செவியும்

சென்ற தீபாவளிக்கு எங்கள் வீட்டில் பட்சணங்களைவிட அதிகமாகப் பேசப்பட்டது ஒரு கறுப்புப் பெட்டிதான். சினிமாக் கொட்டகையில் கேட்கிற ஒலியை வீட்டுக் கூடத்துக்கே கொண்டுவந்து சேர்ப்பதாகச் சொல்லும் ரிசீவர் என்ற யந்திரம் அது. என் மகன் இரண்டு மாதம் விடாமல் நச்சரித்ததன் பலன். அட்டைப்பெட்டியின் மேல் ‘ஒன்பது சானல்’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. யந்திரத்தின் முதுகைத் திருப்பிப் பார்த்தால், கம்பி மாட்டுவதற்கு ஒன்பது ஜோடி முனைகளும் இருந்தன. அதை நம்பி ஒன்பது ஸ்பீக்கர்கள் வாங்கினோம். எதிரே மூன்று, பக்கங்களில் இரண்டு, முதுகுக்குப் பின்னால் இரண்டு, கூரையில் இரண்டு. கடைப் பையன் வந்து ஒரு பகல் முழுவதும் சுவரில் துளை போட்டு வீட்டையே சிலந்திக் கூடாக்கிவிட்டுப் போனான்.

சாயங்காலம் படம் ஓடியது. ஏழு ஸ்பீக்கர்கள் பேசின. இரண்டு மௌன விரதம் பூண்டிருந்தன. பையனை மறுபடி கூப்பிட்டேன். அவன் ஏதோ பொத்தானை அமுக்கினான். ஊமைகள் இரண்டும் பேச ஆரம்பித்தன. ஆனால் அதுவரை பேசிக்கொண்டிருந்த வேறு இரண்டு ஊமையாகிவிட்டன!

“பெட்டி ஒன்பதுக்கும் கணக்குப் போடும் சார். ஆனா உள்ளே ஆம்ப்ளிஃபயர் ஏழுதான். பின்னாடி ரெண்டு வேணுமா, மேலே ரெண்டு வேணுமான்னு நீங்க முடிவு பண்ணிக்கணும்” என்றான் பையன், வெகு சாதாரணமாக.

எனக்குக் கோபம் வந்தது. ஆனால் வாசற்கதவுக்குப் பக்கத்தில் சாய்வு நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பா சிரித்தார். அப்பா பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ஓய்வு பெற்றவர். தஞ்சாவூர் ஜில்லாவில் அவர் கால் படாத வாய்க்கால் கரை சொற்பம்.

“மதகு ஒன்பது கட்டியிருக்கான், தண்ணி ஏழுக்குத்தான் இருக்கு. முறைப் பாசனம்டா இது! இவன் வயலுக்கு இன்னிக்கு, அவன் வயலுக்கு நாளைக்கு. இதுக்கா கோவிச்சுக்கறே?”

சானல் என்ற இங்கிலீஷ் வார்த்தைக்கு வாய்க்கால் என்றுதானே அர்த்தம்? அப்பா சொன்னதற்கு மேல் யாரும் பொருத்தமாகச் சொல்லிவிட முடியாது.

ஆனால் நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தது கம்பெனிக்காரனின் கொட்டை எழுத்தைக் கண்டு வந்த கோபத்தினால் அல்ல. அன்று இரவு நடந்த சிறு சம்பவத்தினால். படம் ஆரம்பித்துக் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அப்பா மெதுவாக எழுந்து தம் அறைக்குப் போனார். “ஏன் மாமா, பிடிக்கலையா?” என்று என் மனைவி கேட்டாள். “சத்தம் பிரமாதம்மா. பேச்சுதான் ஒண்ணும் புரியல்லே. நீங்க பாருங்க” என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். மறுநாளும் அப்படியே. அப்பாவுக்குப் பத்து வயதில் காதில் சீழ் வைத்து வலது செவி போய்விட்டது. எழுபது வருஷங்களாக இடது செவி ஒன்றோடுதான் உலகத்தை நடத்திவருகிறார். ஒன்பது ஸ்பீக்கர் வாங்கி வீட்டில் ஒருவரைக் கூடத்தை விட்டே விரட்டிவிட்டேனே என்று எனக்கு வேதனையாக இருந்தது.

அப்போதுதான் ஒரு கேள்வி பிறந்தது. மனிதனுக்கு இரண்டு காது. அப்படியிருக்க இந்த ஏழையும் ஒன்பதையும் தீர்மானித்தவர் யார்? கதை எழுதுகிறவனுக்குச் சந்தேகம் வந்தால் லேசில் விடமாட்டான். தேடிப் படித்ததில் எனக்குக் கிடைத்த சரித்திரம், நான் எழுதிய எந்தத் தொடர்கதையையும்விடச் சுவாரஸ்யமாக இருந்தது.

சரித்திரம் பாரிஸ் நகரில் ஆரம்பமாகிறது. 1881-ஆம் வருஷம் அங்கே ஒரு மின்சாரப் பொருட்காட்சி நடந்தது. க்ளெமான் அதேர் என்ற எஞ்சினீயர், ஆபரா நாடகசாலையின் மேடை ஓரமாக டெலிபோனின் பேசும் கருவிகளை வரிசையாகப் பொருத்தி, அங்கிருந்து பொருட்காட்சி மண்டபத்துக்குக் கம்பி இழுத்தார். கேட்க வந்தவர் கையில் இரண்டு குழல்கள். ஒன்றை இடது காதிலும் மற்றொன்றை வலது காதிலும் வைத்துக்கொள்ள வேண்டும். இரண்டும் மேடையின் வெவ்வேறு இடங்களிலிருந்து வந்த கம்பிகள். பாடகி மேடையில் இப்படியும் அப்படியும் நடப்பது, மேடையே கண்ணில் படாத இடத்தில் இருந்தவர்களின் காதுக்குத் தெரிந்துவிட்டது! ஜனங்கள் கியூவில் நின்று கேட்டார்கள்.

இந்த அதிசயத்தின் ரகசியம் வெகு சிறியது. வலப்புறமிருந்து வரும் சப்தம் வலது காதை முதலில் தொடுகிறது. இடது காதுக்குச் சற்றுத் தாமதமாக, சற்றுத் தணிந்து போய்ச் சேர்கிறது. அந்தத் தாமதம் ஒரு விநாடியை ஆயிரம் கூறு போட்டால் ஒரு கூறுகூட இராது. அந்த அற்ப வித்தியாசத்தை வைத்துக்கொண்டு மூளை திசையைக் கண்டுபிடித்துவிடுகிறது. ஒரு செவி போனவருக்கு இந்தக் கணக்குப் போட வழியில்லை. பத்துப் பேர் சேர்ந்து பேசும் கூடத்தில் ஒரு குரலை மட்டும் பொறுக்கியெடுப்பதற்கும் இந்தக் கணக்குத்தான் கைகொடுக்கிறது. கல்யாண வீடுகளில் அப்பா ஏன் எப்போதும் ஓரமாகச் சுவரை ஒட்டி உட்காருகிறார் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் விளங்கியது.

அதேர் காட்டிய வித்தையை அரை நூற்றாண்டு கழித்து இரண்டு பேர் தனித்தனியே கையில் எடுத்தார்கள். ஒருவர் லண்டனில், மற்றவர் அமெரிக்காவில்.

லண்டன்காரர் ஆலன் ப்ளம்லைன். ஈ.எம்.ஐ. கம்பெனியில் எஞ்சினீயர். 1931-இல் ஒருநாள் மனைவியோடு சினிமாவுக்குப் போனார் என்றும், திரையில் மனிதன் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு நடக்கும்போது குரல் மட்டும் ஒரே ஸ்பீக்கரிலிருந்து வந்துகொண்டிருந்தது அவருக்குப் பொறுக்கவில்லை என்றும் சொல்வார்கள். அந்த வருஷம் டிசம்பரிலேயே அவர் ஒரு காப்புரிமை மனுப் போட்டார். 394325 என்ற எண் கொண்ட அந்தப் பத்திரத்தில், இரண்டு வழி ஒலியைப் பிடிப்பது, பதிவு செய்வது, திரும்பக் கொடுப்பது எல்லாம் அடங்கியிருந்தன. இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில் இரண்டு ஒலிகளை எப்படிச் செதுக்குவது என்ற உபாயமும் அதில் இருந்தது. பள்ளம் ஆங்கில வி எழுத்துப்போல இருக்கிறதல்லவா? ஒரு சரிவில் ஒன்று, மறு சரிவில் ஒன்று! மகா புத்திசாலித்தனமான யோசனை. ஆனால் அது இசைத்தட்டாகக் கடைக்கு வந்ததைப் பார்க்க அவருக்குக் கொடுத்துவைக்கவில்லை. 1942 ஜூன் மாதம், ரேடார் கருவி ஒன்றைச் சோதிப்பதற்காகப் பறந்த விமானம் விழுந்து நொறுங்கியதில் அவர் இறந்துபோனார். வயது முப்பத்தெட்டு.

அமெரிக்காக்காரர் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ஹார்வி ஃப்ளெட்சர். பேச்சையும் செவியையும் பற்றி 1929-இல் ஒரு பெரிய புத்தகம் எழுதியவர். காது மந்தமானவர்களுக்கான கருவிகளிலும் உழைத்தவர். 1933-ஆம் வருஷம் ஏப்ரல் 27-ஆம் தேதி இவரும் இவர் தோழர்களும் நடத்திய காட்சி ஒரு நாவலில் வரவேண்டியது. வாத்தியக் கோஷ்டி பிலடெல்பியாவில் வாசிக்கிறது. சபையோர் வாஷிங்டனில் உட்கார்ந்திருக்கிறார்கள். நடுவே டெலிபோன் கம்பிகள். கோஷ்டியின் பிரசித்தி பெற்ற தலைவர் ஸ்டோகோவ்ஸ்கி, வாத்தியக்காரர்களை உதவியாளரிடம் ஒப்படைத்துவிட்டு, வாஷிங்டன் மண்டபத்தில் சபையோடு உட்கார்ந்து பித்தான்களைத் திருகி ஒலியை ஆண்டுகொண்டிருந்தார். பிலடெல்பியா மேடையின் ஒரு பக்கத்தில் ஒரு தச்சன் சுத்தியும் ரம்பமுமாக வேலை செய்தால், வாஷிங்டனில் வெறும் மேடையின் அதே பக்கத்திலிருந்து சப்தம் வந்தது. ஒரு பாடகி பாடிக்கொண்டே மேடையைக் கடந்து நடந்தாள். ஆளில்லாத மேடையில் குரல் மட்டும் நடந்து போயிற்று.

அங்கே மேடையில் எத்தனை ஸ்பீக்கர் தெரியுமா? மூன்று. இடது, நடு, வலது. உண்மையில் மேடைக்கு முன்னால் ஒரு திரைச்சீலை போலக் கணக்கில்லாத மைக்குகளைத் தொங்கவிட்டு, மறு ஊரிலும் அதேபோலக் கணக்கில்லாத ஸ்பீக்கர்களைத் தொங்கவிட்டால்தான் பூரணம் என்று பெல் விஞ்ஞானிகளுக்குத் தெரியும். நடக்கிற காரியமா அது? ஒவ்வொன்றாகக் குறைத்துக்கொண்டே வந்து பார்த்தார்கள். மூன்று வரை குறைத்தாலும் பெரிய மண்டபத்தில் மோசமில்லை என்று கண்டார்கள். இரண்டாகக் குறைத்தால்தான் வம்பு. நட்டநடுவில் உட்கார்ந்தவனுக்கு மட்டும் பாடகி நடுவில் நிற்பாள். ஓரத்தில் உட்கார்ந்தவனுக்கு அவள் அந்தப் பக்கத்து ஸ்பீக்கருக்குள்ளேயே போய் ஒளிந்துகொள்வாள். ஆகவே நடுவில் ஒன்று அவசியம். 1933-இலேயே தெரிந்துவிட்ட சமாசாரம் இது. இந்த ‘நடு’வை மட்டும் வாசகர்கள் ஞாபகத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். கதையின் கதாநாயகன் அவன்தான்.

கொட்டகைக்காரர்கள் அவனை மறக்கவில்லை. வால்ட் டிஸ்னி 1940-இல் எடுத்த ‘ஃபான்டேஷியா’வுக்கு, படம் ஓடும் பிலிம் போதாமல், ஒலிக்கென்றே தனிப் பிலிம் ஒன்று கூடவே ஓடியது. அதில் மூன்று ஒலித்தடங்கள். அவற்றை மட்டுப்படுத்த நாலாவது. சங்கீதம், சாக்ஷாத் ஸ்டோகோவ்ஸ்கிதான். ஆனால் ஒவ்வொரு கொட்டகையிலும் லாரி லாரியாக யந்திரம் இறக்கவேண்டியிருந்தது. யுத்தமும் வந்தது. சில ஊர்களோடு அந்த வைபவம் முடிந்து, பிறகு படம் ஒற்றைத் தடத்தோடு சுற்றியது. அந்தப் படம் முதலில் திரையிடப்பட்ட நியூயார்க் பிராட்வே தியேட்டரிலேயே 1952-இல் சினிராமா வந்தது. அதற்கு ஏழு தடங்கள். மறு வருஷம் சினிமாஸ்கோப் நாலு தடங்களோடு வந்தது. முன்னால் மூன்று, சபையைச் சுற்றி ஒன்று. காந்தப் பூச்சுப் பிலிமுக்கும் புது யந்திரத்துக்கும் யார் பணம் கொடுப்பது என்று சிறிய கொட்டகைக்காரர்கள் கையை விரித்தார்கள். அவர்களுக்காகப் பழைய ஒற்றைத் தடப் பிரதிகளே தனியாகத் தயாராயின. காதின் ஆசை ஒன்று. பணப்பெட்டியின் ஆசை வேறு.

வீட்டின் கதை இன்னும் பரிதாபம். 1958 வாக்கில் ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளை நிரப்பின. ப்ளம்லைன் சொன்ன அதே உபாயம்: ஒரு பள்ளம், இரண்டு சரிவு. இரண்டே சரிவு! மூன்றாவது ஒலியை எங்கே எழுதுவது? அந்தக் காலத்தில் பெரிய இசைத்தட்டுக் கம்பெனிகள் மூன்று தடமுள்ள நாடாவில் சங்கீதத்தைப் பதிவு செய்துகொண்டிருந்தன. இடது, நடு, வலது மூன்றும் நாடாவில் இருக்கும். தட்டாகச் செதுக்கும் வேளையில் நடுவை இரண்டாகப் பிளந்து பாதியை இந்தச் சரிவிலும் பாதியை அந்தச் சரிவிலும் போட்டுவிடுவார்கள். உலகமெங்கும் கூடங்களில் இரண்டு ஸ்பீக்கர் நிற்பதற்கு மனிதனுக்கு இரண்டு காது என்பது காரணமல்ல ஐயா. ஒரு பள்ளத்துக்கு இரண்டு சரிவு என்பதுதான் காரணம்!

இந்தப் பிளவு எங்கள் வீட்டில் என்ன செய்தது என்று சொல்கிறேன். நான் காலேஜில் படித்த நாட்களில், டியூஷன் சொல்லிக் கொடுத்து வந்த பணத்தில் ஒரு வாக்மேன் வாங்கினேன். அப்பாவின் காதுகளில் பெருமையோடு மாட்டி, ஒரு கச்சேரிக் கேஸட்டைப் போட்டேன். சிறிது நேரம் கண்ணை மூடிக் கேட்டவர், “பாட்டு நன்னாத்தான் இருக்கு. ஏண்டா, பிடில்காரர் வரல்லியா?” என்றார். பிடில்காரர் வந்துதான் இருந்தார். ஒலிப்பதிவு செய்தவர் அவரை வலப்புறத்தில் உட்கார வைத்துவிட்டார். அப்பாவுக்கு வலப்புறம் கிடையாது. நான் கருவிகளைக் கழற்றி மாற்றி மாட்டினேன். பிடில் வந்தது, பாடகர் தூரப் போய்விட்டார். “எனக்கு ரேடியோவே போதும்டா” என்று சொல்லிச் சிரித்துக்கொண்டே திருப்பிக் கொடுத்தார்.

1970-களின் தொடக்கத்தில் இரண்டு போதாதென்று நாலு ஸ்பீக்கர் மோகம் வந்தது. பள்ளம் அதே பள்ளம்; சரிவு அதே இரண்டு. நாலு ஒலியை இரண்டாகப் பிசைந்து எழுதி, மறுபடி நாலாகப் பிரிக்கப் பார்த்தார்கள். பாலில் கலந்த தண்ணீரைப் பிரிக்க எல்லோரும் அன்னப் பட்சியா? ஒன்றின் ஒலி மற்றொன்றில் கசிந்தது. போதாக்குறைக்குக் கம்பெனிக்கு ஒரு முறை. ஒருவர் தட்டு மற்றவர் யந்திரத்தில் சரியாகப் பாடாது. சில வருஷங்களில் கடைக்காரர்களும் ஜனங்களும் அலுத்துப்போனார்கள்.

ஆனால் அந்தப் பிசையும் வித்தை வீண்போகவில்லை. ரே டால்பி என்ற அமெரிக்கர் 1963 முதல் 1965 வரை யுனெஸ்கோவின் ஆலோசகராக நம் இந்தியாவில் இருந்தவர். இங்கிருந்து போய்த்தான் லண்டனில் தம் ஆராய்ச்சிக்கூடத்தைத் தொடங்கினார். அவருடைய கம்பெனி, சாதாரணப் பிலிமின் ஓரத்தில் இரண்டே தடங்களில் நாலு ஒலியைப் பிசைந்து வைத்தது. 1977-இல் ‘ஸ்டார் வார்ஸ்’ அந்த முறையில் ஓடியபோது கொட்டகைகள் அதிர்ந்தன. இரண்டு பக்கத்திலும் ஒரே மாதிரி இருக்கிற ஒலியை நடு ஸ்பீக்கருக்கு அனுப்பு என்பதுதான் அந்தப் பிரிப்பின் தந்திரம். வசனம் அனேகமாக எப்போதும் நடுவில்தான் வந்தது. இந்தத் தந்திரம் வீட்டு யந்திரங்களுக்கு நடு ஸ்பீக்கரோடு பூரணமாக வந்தது 1987-இல். பெல் விஞ்ஞானிகள் மூன்று வேண்டும் என்று காட்டிய 1933-க்கும் இதற்கும் எவ்வளவு? ஐம்பத்துநாலு வருஷம். ஸ்ரீ ராமனுக்குப் பதினாலு வருஷம்தான் வனவாசம்.

அப்புறம் எல்லாம் வேகம். 1992-இல் பிலிமின் ஓரத்துத் துவாரங்களுக்கு இடையே இருந்த அற்ப இடத்தில் எண்களாகவே ஒலியை அச்சிட்டார்கள். ஐந்து தனி ஒலிகளும், இடி முழக்கத்துக்கென ஒன்றும். அந்த இடிக்காரன் தாழ்ந்த ஸ்தாயி மட்டுமே பேசுவதால் அவனை முழு ஆளாக எண்ணாமல் பத்தில் ஒரு பங்காக எண்ணி, 5.1 என்று பெயர் வைத்தார்கள். சில வருஷங்களில் டி.வி.டி. தட்டில் அது வீட்டுக்கு வந்தது. 2012-இல் அட்மாஸ் என்ற முறை வந்தபோது, வாய்க்கால் எண்ணிக்கையையே தூக்கிப் போட்டுவிட்டார்கள். இந்தக் கிளி இந்த இடத்தில் பறக்கிறது என்று மட்டும் எழுதிவைத்தால், எந்த ஸ்பீக்கர் பேசுவது என்று கொட்டகை யந்திரமே தீர்மானித்துக்கொள்ளும். கொட்டகையில் அறுபத்துநாலு வரை பிரித்து அனுப்பலாம். வீட்டுக்கு என்று 2014-இல் வந்த முறையில் தரையில் இருபத்துநாலு, மேலே பத்து வரை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு.

அதாவது, நூறு வருஷமாகத் தடையாக இருந்த கம்பி, பிலிம், பள்ளம் எல்லாம் விலகிவிட்டன. இப்போது தடை எங்கே? என் வீட்டுக் கறுப்புப் பெட்டியில்! கணக்குப் போடுவது மலிவு. ஒரு சில்லு போதும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பைப் பிடித்து ஆட்டுவதற்கு மின்சாரம் வேண்டும். அதற்கு ஒவ்வொரு சானலுக்கும் ஒரு ஆம்ப்ளிஃபயர், எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு டிரான்ஸ்ஃபார்மர், சூடு போக வழி. இது செம்பும் இரும்பும் அலுமினியமும். எடையும் விலையும் ஏறும். ஆகவே ஒன்பதுக்குக் கணக்கு, ஏழுக்குத் தண்ணீர்.

அந்த ஏழிலும் ஒரு விஷயம் உண்டு. ‘சானலுக்கு 100 வாட்’ என்று பெரிய எழுத்தில் போட்டிருந்தது. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், இரண்டு சானல் மட்டும் ஓடும்போது என்று பொடி எழுத்தில் கீழே இருந்தது. அப்பாவிடம் காட்டினேன். “ஏரி ஒண்ணுதானேடா! ரெண்டு மடை திறந்தா மடை கொள்ளாம பாயும். ஏழையும் திறந்தா கடைமடைக்காரன் அண்ணாந்து பார்க்க வேண்டியதுதான்” என்றார். நியாயமாகச் சொல்லப்போனால், எந்தப் படத்திலும் ஏழு ஸ்பீக்கரும் ஒரே கணத்தில் முழு வீச்சில் கத்துவதில்லை. ஆகவே இது பெரிய குறையுமல்ல. ஆனால் எழுத்தின் அளவில் இருக்கிற சாமர்த்தியத்தைக் கவனிக்க வேண்டும்.

இவ்வளவும் படித்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ஸ்டூலைப் போட்டு ஏறினேன். பின்னால் இரண்டா, மேலே இரண்டா என்று பையன் கேட்டானல்லவா? இரண்டும் வேண்டாம் என்று நாலு கம்பிகளையும் கழற்றினேன். நடு ஸ்பீக்கர் டி.வி. அலமாரியின் கீழ்த் தட்டில், பழைய பத்திரிகைகளுக்கு நடுவே முகத்தை உள்ளே இழுத்துக்கொண்டு கிடந்தது. வெளியே எடுத்துத் தட்டின் விளிம்புக்குக் கொண்டுவந்து, சாய்வு நாற்காலியைப் பார்க்கும்படி சற்று நிமிர்த்தி வைத்தேன். யந்திரத்தில் ஒவ்வொரு ஸ்பீக்கரின் உரத்தையும் தனித்தனியே மாற்றலாம். பக்கத்து ஸ்பீக்கர்களை அடக்கி, நடுவை நாலு டெசிபல் ஏற்றினேன். நாற்காலியையும் திருப்பிப் போட்டேன், அப்பாவின் இடது செவி கூடத்தைப் பார்க்கும்படி. என் மகனுக்கு முகம் தூக்கிக்கொண்டது. “ஹெலிகாப்டர் மேலே போகாதேப்பா!” என்றான். சனிக்கிழமை இரவு அவனுக்கு, மற்ற நாள் தாத்தாவுக்கு என்று ராஜி பண்ணினேன். முறைப் பாசனந்தான்.

அன்று மாலை ‘காதலிக்க நேரமில்லை’ போட்டேன். 1964-இல் வந்த படம், ஒற்றைத் தடம். இரண்டு பக்கத்திலும் ஒரே ஒலி இருந்தால் என்ன செய்யவேண்டும் என்று யந்திரத்துக்குத் தெரியுமே? அத்தனையையும் நடுவுக்கு அனுப்பிவிட்டது. மற்ற ஸ்பீக்கர்கள் எல்லாம் வாயைத் திறக்கவில்லை. நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் கட்டம் வந்தது. காலடிச் சப்தம் முதல் எல்லாச் சப்தத்தையும் நாகேஷ் தம் ஒரு வாயாலேயே போட்டுக் காட்டுகிறார், பாலையா நடுங்குகிறார். எங்களுக்கெல்லாம் முன்னால் அப்பா சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்துவிட்டு, துண்டால் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

“இப்பத்தாண்டா உன் பெட்டி சரியா வேலை செய்யறது” என்றார்.